பனங்காட்டுப் பள்ளியாசிரியை எலிசா கால்டுவெல் அம்மையார்



நமது ஆலயத்தின் பவள விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் என்னைக் கேட்டுக்கொண்டபொழுது, ஒரு வாரத்தில் எழுதி முடித்துவிடலாம் என்றே எண்ணினேன். பங்கின் நாட்குறிப்புகள் இருந்தன. ஞானஸ்நானப் பதிவேடுகள் இருந்தன. எந்தெந்தத் தந்தையர் இங்கே பணியாற்றினர், மணிக்கூண்டு எப்பொழுது எழும்பியது, ஓட்டுக்கூரை போய்க் கான்கிரீட் எந்த ஆண்டில் வந்தது, கொடிமரத்துக்குத் தேக்கு கொடுத்தவர் யார் என்பனவெல்லாம் வரிசையாகக் கிடைத்தன. அவற்றை நம் உபதேசியார் இம்மலரின் வேறு பக்கங்களில் தொகுத்துத் தந்திருக்கிறார். ஆதலால் அதையே நானும் திருப்பி எழுதப் போவதில்லை.

விழாவுக்காகச் சக்கரீஸ்துவை ஒழுங்குபடுத்தியபொழுது, அலமாரியின் அடித்தட்டில் பழைய செய்தித்தாளில் சுற்றிய ஒரு பீடத்துணி அகப்பட்டது. துணி நைந்து போயிருந்தது; தொட்டால் கிழியும் நிலை. ஆனால் அதன் விளிம்பில் தைத்திருந்த ஒரு சாண் அகல லேஸ் சிறிதும் சிதையாமல் இருந்தது. திராட்சைக் கொடியும் இலையுமாக ஒரே சீராக ஓடிய பின்னல். கையால் செய்த வேலை என்பது பார்த்த உடனே தெரிந்தது. நம் கோயிற்பிள்ளையை அழைத்து, இதைப் பின்னியது யார் என்று கேட்டேன். “நம்ம ஊரு பொம்பளையதான் சாமி. பேரு யாருக்குத் தெரியும்?” என்றார்.

கொடிமரத்துக்குத் தேக்கு கொடுத்தவர் பெயர் பதிவேட்டில் இருக்கிறது. இந்த லேசைப் பின்னியவர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. பெயர்தான் கிடைக்கவில்லை, இந்தக் கைவேலை நம் பக்கத்துப் பெண்களின் கைக்கு எப்படி வந்தது என்றாவது தேடிப் பார்க்கலாம் என்று புறப்பட்டேன். அந்தத் தேடல் என்னை நாகர்கோவிலுக்கும், அங்கிருந்து இடையன்குடிக்கும், எலிசா என்னும் ஒரு பள்ளியாசிரியையிடமும் கொண்டு சேர்த்தது.

அவர் நம் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர். ஒரு கத்தோலிக்கப் பங்கின் விழா மலரில் சீர்திருத்த சபை அம்மையாருக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். என் பாட்டி காலத்தில் அவர்களைப் ‘பதிதர்’ என்றே சொல்லி வந்தார்கள். அவர்களுடைய கோயில் இருக்கும் தெருவில் போக நேர்ந்தால் பாட்டி எதிர்ப்பக்கமாக ஒதுங்கி நடப்பார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-ஆம் ஆண்டு வெளியிட்ட கிறிஸ்தவ ஒன்றிப்பு ஏட்டுக்குப் பின்னர் அவர்கள் நமக்குப் பிரிந்த சகோதரர்கள் ஆனார்கள். குருமடத்தில் அந்த ஏட்டை நான் இலத்தீனில் வரிவரியாகப் படித்துத் தேர்வும் எழுதினேன். ஆயினும் என் சொந்தத் தாயின் மடியில் இருந்த தொழிலை அவர்களிடமிருந்து நாம் பெற்றோம் என்பதை அறிய எனக்கு ஐம்பது வயது கடக்க வேண்டியிருந்தது.

எலிசாவின் கதையை அவருடைய தாயிடமிருந்து தொடங்குவதே முறை. இலண்டன் மிஷனரி சங்கத்தின் சார்பில் சார்லஸ் மால்ட் போதகரும் அவர் மனைவி மார்த்தாவும் 1819-ஆம் ஆண்டில் நாகர்கோவிலுக்கு வந்தார்கள். நாகர்கோவில் அன்று திருவிதாங்கூர் அரசைச் சேர்ந்தது. நம் குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1-ஆம் நாள்தான் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தது என்பதை இளைஞர்கள் நினைவில் கொள்ள வேண்டும். மார்த்தா அம்மையார் பெண் பிள்ளைகளைத் தம் வளவில் தங்கவைத்துப் படிப்புச் சொல்லிக்கொடுத்தார். எழுத்து, கணக்கு, வேதபாடம், தையல் இவற்றோடு, தம் நாட்டில் கற்றிருந்த லேஸ் பின்னலையும் 1821-ஆம் ஆண்டு வாக்கில் கற்பிக்கத் தொடங்கினார். பின்னிய லேஸ் ஐரோப்பிய அதிகாரிகள், வியாபாரிகள் வீடுகளுக்கு விலைபோயிற்று. அந்த வருவாய் பள்ளிக்கூடத்தை நடத்த உதவியது.

அந்தப் பிள்ளைகள் யார் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அக்காலத் திருவிதாங்கூரில் மனிதரை மனிதர் உடைமையாக வைத்திருந்தனர். 1836-ஆம் ஆண்டில் எடுத்த குடிக்கணக்கில் ஏறக்குறைய 12,80,000 பேருள் 1,64,000-க்கு மேற்பட்டோர் அடிமைகளாகக் கணக்கிடப்பட்டனர். எட்டுப் பேருக்கு ஒருவர்! நிலத்தோடு சேர்த்து அவர்கள் கைமாறினார்கள். மார்த்தா அம்மையாரிடம் படித்த பெண்களுள் இப்படிப்பட்ட அடிமைக் குடும்பத்துப் பிள்ளைகளும் இருந்தனர். லேஸ் பின்னிக் கிடைத்த கூலியைச் சேர்த்துவைத்து, தமக்கு உடையவனாயிருந்தவனிடம் விலையைக் கொடுத்துத் தம்மைத் தாமே மீட்டுக்கொண்ட பெண்களும் அவர்களுள் உண்டு. திருவிதாங்கூரில் அடிமை முறையை ஒழித்த அரச விளம்பரம் 1855-இல்தான் வந்தது. அதற்கு முன்பே சில பெண்கள் நூலும் ஊசியும் கொண்டு தங்கள் விடுதலையைச் சம்பாதித்துவிட்டார்கள். மீட்பு என்ற சொல்லை நாங்கள் குருமடத்தில் நான்கு ஆண்டுகள் படித்தோம். விலை கொடுத்து மீட்பது என்பதன் பொருள் அந்தப் பெண்களுக்கு எங்களைவிட நன்றாக விளங்கியிருக்கும்.

இந்த வேலையை நேரில் பார்த்திராத பிள்ளைகளுக்காக அதன் முறையைச் சற்றுச் சொல்கிறேன். உருண்டையான ஒரு திண்டு. உள்ளே இறுக்கமாக வைக்கோலோ பஞ்சோ அடைத்திருக்கும். மாதிரிப் படத்தைத் தடித்த தாளில் வரைந்து, கோடு நெடுகத் துளை குத்தி, அந்தத் தாளைத் திண்டின்மேல் சுற்றுவார்கள். விரல் நீளச் சிறு மரக் கட்டைகளில் நூலைச் சுற்றி, இரண்டிரண்டாக இணைத்துத் தொங்கவிடுவார்கள். சிறிய விளிம்புக்கு ஏழெட்டு இணை போதும்; அகலம் கூடக்கூடக் கட்டைகள் பல பத்துகளாகப் பெருகும். செய்ய வேண்டியவை இரண்டே அசைவுகள்: ஒன்று குறுக்கே மாற்றுவது, மற்றொன்று முறுக்குவது. பூவும் இலையும் வலையும் எல்லாம் இந்த இரண்டில் அடங்கும். பின்னல் அவிழாமலிருக்கத் துளைதோறும் குண்டூசி குத்த வேண்டும். அதுவும் பித்தளைக் குண்டூசியாக இருக்க வேண்டும். இரும்பானால் நம் கடற்காற்றுக்குத் துருப்பிடித்து லேசில் கறை ஏறிவிடும். கை வியர்த்தாலும் நூல் கறுத்துவிடும். உழைத்துக் காய்ப்பேறிய விரலானால் மெல்லிய நூல் அதில் மாட்டி அறுந்துபோகும்.

என் அம்மை இந்த வேலை செய்தவர். மாலை மங்கியபின் திண்ணையில் விளக்கை வைத்துக்கொண்டு உட்காருவார். மரக் கட்டைகள் ஒன்றோடொன்று தட்டும் அந்த ‘கிளுக் கிளுக்’ ஓசையைக் கேட்டுக்கொண்டுதான் நாங்கள் பாடம் படித்தோம். அருகே போனால், “மக்களே, கையக் கழுவிட்டு வா, இல்லேன்னா தொடாதே” என்பார். வாயால் எண்ணிக்கொண்டே இருப்பார். இடையில் பேச்சுக் கொடுத்தால் எண்ணிக்கை தவறிவிடும். தவறிய இடத்தைக் கண்டுபிடித்து அவிழ்க்க அரைமணி நேரம் பிடிக்கும். நான் குருமடத்துக்குக் கொண்டுபோன தகரப் பெட்டியும் இரண்டு வெள்ளை வேட்டியும் அந்தத் திண்டிலிருந்து வந்தவை.

இனி எலிசாவிடம் வருகிறேன். மால்ட் தம்பதியரின் மகளாகிய அவர் பிறந்தது 1822-ஆம் ஆண்டில். அவருடைய பிள்ளைப் பருவம் நாகர்கோவிலில் அமைதியான காலமாக இருக்கவில்லை. தாழ்ந்த சாதியாராகக் கருதப்பட்ட பெண்கள் மேலாடை அணிவதைப் பற்றிய கலவரம் 1820-களில் மூண்டது. சந்தைக்குப் போன பெண்களின் மேலாடைகள் கிழிக்கப்பட்டன. பள்ளிகளும் செபக்கூடங்களும் தீக்கிரையாயின. 1829 பிப்ரவரியில் வந்த அரச ஆணை, கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் என்னும் தளர்ந்த சட்டையை அணியலாம், உயர்சாதிப் பெண்களைப் போல மேலே துணி போடக் கூடாது என்று கூறிற்று. பின்னர் 1858-இலும் கலவரம் எழுந்து, 1859 ஜூலையில் மற்றுமோர் ஆணை பிறந்தது வரலாறு. முதல் ஆணை வந்தபொழுது எலிசா ஆறேழு வயதுச் சிறுமி. உலகத்திலேயே விலையுயர்ந்த ஆடைக்கு விளிம்பு பின்னுகிற பெண்கள் தங்கள் மார்பை மூடிக்கொள்ளச் சட்டம் இடம் தராத ஊரில் அவர் வளர்ந்தார். அந்தப் பெண்களின் பிள்ளைகளோடு பேசித்தான் அவர் தமிழ் கற்றார். ஆதலால் அவருக்குத் தமிழ் நூலிலிருந்து வந்த மொழியாக இராமல், வாயிலும் காதிலுமாக வந்த மொழியாக இருந்தது.

1844 மார்ச் மாதம் அவருக்கும் இராபர்ட் கால்டுவெல் போதகருக்கும் நாகர்கோவிலில் திருமணம் நடந்தது. கால்டுவெலைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1838-இல் சென்னையில் வந்து இறங்கியவர். 1841-இல் தெற்கே நெடுந்தொலைவு நடந்தே வந்து இடையன்குடியை அடைந்தவர். 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் தந்தவர். 1968-இல் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை வைத்தார்கள். 2010-இல் அஞ்சல்தலை வந்தது. இடையன்குடியில் அவர் வாழ்ந்த வீட்டை 2011-இல் தமிழக அரசு நினைவில்லமாக்கியது. பள்ளிப் பிள்ளைகள்கூட அவர் பெயரை அறிவார்கள். அந்த வீட்டில் அவரோடு வாழ்ந்தவரைப் பற்றி எத்தனை பேர் அறிவார்கள்?

உவரி அந்தோனியார் திருத்தலத்துக்கு ஆண்டுதோறும் நம் பங்கிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு போகிறோம். திசையன்விளை, உவரி வட்டாரத்திலேதான் இடையன்குடி இருக்கிறது. செம்மண் தேரியும் பனையும் நிறைந்த பூமி அது. கோடையில் நண்பகலில் அந்த மணலில் வெறுங்காலோடு நடந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இருபத்திரண்டு வயதில் எலிசா அங்கே போய்ச் சேர்ந்தார். பட்டணம் கிடையாது, வெள்ளைக்காரர் குடியிருப்புக் கிடையாது. பனையேறிப் பிழைக்கும் குடும்பங்கள் மட்டுமே.

அங்கே அவர் பெண் பிள்ளைகளுக்குத் தங்கிப் படிக்கும் பள்ளியைத் தொடங்கினார். இது எவ்வளவு கடினமான காரியம் என்பதைப் பனைத்தொழில் அறிந்தவர்களே உணர முடியும். பதநீர் இறங்கும் மாதங்களில் ஆண்மகன் நாளைக்கு இரண்டு வேளை பனையேறுவான். இறக்கிய பதநீரைப் புளிக்குமுன் காய்ச்சியாக வேண்டும். அது பெண்களின் பொறுப்பு. தாய் அடுப்படியில் நின்று கருப்பட்டி காய்ச்சும்பொழுது, விறகும் காய்ந்த ஓலையும் பொறுக்கி வருவதும், கைக்குழந்தையைச் சுமப்பதும், தண்ணீர் கொண்டுவருவதும் மூத்த பெண் பிள்ளையின் வேலை. அவளைப் பள்ளிக்கு அனுப்பு என்றால் அடுப்பை அணை என்று சொல்வதற்குச் சமம். பகலில் வந்து போகும் பள்ளியானால் பருவம் தொடங்கியதும் வகுப்பறை காலியாகிவிடும். தங்கிப் படிக்கும் பள்ளி அமைத்ததன் காரணம் இதுதான். அப்படியும் பிள்ளையை விட்டுவைக்கும் குடும்பத்துக்கு ஏதாவது ஆதாயம் தெரிய வேண்டுமல்லவா? தாயிடம் நாகர்கோவிலில் கண்ட லேஸ் வேலையை எலிசா இடையன்குடிக்குக் கொண்டு வந்ததை இந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பாடத்தோடு கைத்தொழிலும் கற்ற பெண், திருமணமாகி வீட்டில் இருந்துகொண்டே நாலு காசு காண முடிந்தது. தான் சம்பாதித்ததைக் கண்ட பெண், தன் மகளைப் பள்ளிக்கு விடத் தயங்கவில்லை.

விறகு பொறுக்கிய கை லேஸ் நூலைத் தொட்டால் என்ன ஆகும் என்று முன்பே சொன்னேன். அந்தப் பிள்ளைகளின் விரல்களை அந்த மெல்லிய வேலைக்குப் பழக்க எலிசா அம்மையாருக்கு எத்தனை பொறுமை வேண்டியிருந்திருக்கும் என்று என் அம்மையை நினைத்துக்கொண்டு அடிக்கடி எண்ணிப் பார்க்கிறேன். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இடையன்குடியிலும் திருநெல்வேலிப் பகுதியிலும் அவர் பெண்களிடையே பணியாற்றினார். வீட்டின் பின்கட்டுக்குள் ஆண் போதகர் நுழைய முடியாது. பேறுகாலம், பிள்ளை நோய், மாமியார் மருமகள் வழக்கு என்று பெண்கள் பேசும் பேச்சு வெளித்திண்ணைக்கு வராது. கணவர் மொழிகளை ஒப்பிட்டு இலக்கணம் எழுதிக்கொண்டிருந்த வீட்டில், நாட்டுப் பெண்களின் வாய்மொழி அன்றாடம் நடமாடியது இவர் வழியாகத்தான். அந்தப் பெருநூலில் இவருடைய காதுக்கும் பங்கு உண்டு என்பது என் எண்ணம். மொழியறிஞர்கள் என்னை மறுக்கட்டும்.

இவர் ஏழு பிள்ளைகளின் தாய். எத்தனை எளிதாக எழுதிவிட்டேன்! மருத்துவர் அருகில் இல்லாத தேரிக்காட்டில், ஏழு பிள்ளைகளையும் பெற்று வளர்த்துக்கொண்டே, ஊரார் பிள்ளைகளையும் தம் வளவில் வைத்துப் படிப்பித்தார். வெள்ளைக்கார மிஷனரிகளின் பிள்ளைகளைச் சிறு வயதிலேயே கப்பலேற்றி இங்கிலாந்துக்குப் படிக்க அனுப்புவது அக்காலத்தில் பெருவழக்காக இருந்தது. அப்படிப் போன பிள்ளை திரும்ப வரும்பொழுது தாயை அடையாளம் கண்டுகொள்ளாத அளவுக்கு வளர்ந்துவிட்டிருக்கும். ஊர்ப் பிள்ளைகளுக்குத் தாயாக இருந்த பல மிஷனரிப் பெண்கள் தம் பிள்ளைகளைக் கடலுக்கு அப்பால் கொடுத்துவிட்டே அதைச் செய்தார்கள். எலிசாவின் மகள் ஒருவர் இந்நாட்டிலேயே பணியாற்றிய வயாட் போதகரை மணந்தார். கால்டுவெலின் நினைவுக் குறிப்புகளை 1894-இல் தொகுத்து வெளியிட்டவர் அந்த மருமகன்தான்.

இடையன்குடி ஆலயத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1847-இல் கால்கோள் செய்து 1880-இல்தான் அபிஷேகம் ஆயிற்று. முப்பத்துமூன்று ஆண்டு வேலை! உயர்ந்த சன்னல்களின் வளைவுகளை நாட்டுக் கொத்தனார்களுக்குப் புரியவைக்கக் கால்டுவெல் தம் கையாலேயே களிமண்ணில் மாதிரி செய்து காட்டினார் என்பார்கள். அந்த முப்பத்துமூன்று ஆண்டுக்குள் 1877-இன் கொடிய பஞ்சமும் வந்துபோயிற்று. அவர் ஆயராகத் திருநிலைப்பட்டதும் அதே ஆண்டில்தான். ஆலயம் நிற்கிறது, நீங்கள் உவரிக்குப் போகும்பொழுது இறங்கிப் பார்க்கலாம். அதே ஆண்டுகளில் அம்மையாரின் மாணவியர் பின்னிய லேஸ் எத்தனையோ மேசைகளிலும் சட்டைகளிலும் தேய்ந்து, கிழிந்து, இல்லாமலாகிவிட்டது. கல் வேலையும் நூல் வேலையும் ஒரே வீட்டிலிருந்துதான் பிறந்தன.

புகழ்ச்சி மட்டும் எழுதினால் வரலாறு ஆகாது என்று எங்கள் பேராசிரியத் தந்தை ஒருவர் கண்டிப்பாகச் சொல்வார். ஆகவே குறையையும் சொல்ல வேண்டும். கால்டுவெல் 1849-இல் திருநெல்வேலிச் சாணார்களைப் பற்றி எழுதிய நூல் அந்தச் சமுதாய மக்களின் மனத்தை ஆழமாகப் புண்படுத்தியது. தாம் நேசித்து உழைத்த மக்களைப் பற்றியே மேலிருந்து பார்க்கும் பார்வை அதில் இருந்தது. அம்மையாரின் பள்ளிப் பெண்கள் அதைப் படித்திருந்தால் என்ன நினைத்திருப்பார்கள்? லேஸ் தொழிலிலும் இப்படி ஒரு பக்கம் உண்டு. வீட்டுக்குள் இருந்து செய்யும் வேலை ஆதலால் அது வேலையாகவே பலர் கண்ணுக்குப் படவில்லை. ‘சும்மா இருக்கிற நேரத்தில் பின்னுகிறாள்’ என்று சொல்லியே கூலியைக் குறைத்துவிட முடிந்தது. ஆந்திராவில் நரசாபுரத்து லேஸ் பெண்களைப் பற்றி மரியா மீஸ் என்னும் செருமானிய ஆய்வாளர் 1982-இல் ஒரு நூல் வெளியிட்டார். பின்னுகிற பெண்களை வீட்டில் ஓய்ந்திருக்கும் இல்லத்தரசிகள் என்று கணக்கெழுதிவிட்டு, அவர்கள் உழைப்பில் ஏற்றுமதி வணிகர்கள் எப்படிச் செழித்தார்கள் என்று அதில் காட்டியிருக்கிறார். அதைப் படித்தபொழுது எனக்கு எங்கள் வீட்டுத் திண்ணை நினைவுக்கு வந்தது.

எங்கள் ஊருக்குச் சனிக்கிழமைதோறும் ஒரு தரகர் வருவார். நூலைக் கொடுத்துவிட்டுப் போவார். மறுவாரம் லேசை அளந்து வாங்கிக்கொண்டு காசு கொடுப்பார். அளவுகோல் அவருடையது. ஒருமுறை என் அப்பா, தச்சுவேலைக்கு வைத்திருந்த தம் கோலை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தரகரின் முழம் இரண்டு விரற்கடை நீளம்! அப்பா கோபமாகப் பேச எழுந்தபொழுது அம்மை கண்ணாலேயே தடுத்துவிட்டார். கேட்டால் அடுத்த வாரம் நூல் வராது. எத்தனை ஆண்டுகள், எத்தனை வீடுகளில் அந்த இரண்டு விரற்கடை போயிற்றோ! அந்தத் தெருவிலிருந்து குருவாகப் போனவன் நான் ஒருவன். ஆலய விழாக்களில் உபகாரிகள் வரிசையில் அதே தரகருக்கு மாலை போட்டு மரியாதை செய்ததையும் நான் பார்த்திருக்கிறேன். எங்கள் அம்மைமார்களுக்கு அப்படி ஒரு மாலை விழவில்லை.

நூறாண்டுக்கு முன்பு மார்த்தாவும் எலிசாவும் செய்ததன் பெறுமதி இதை எண்ணும்பொழுதுதான் எனக்கு நன்றாக விளங்கியது. அவர்களிடம் கற்ற பெண், கணக்கும் கற்றாள். எழுத்தறியாத பெண் கையில் திண்டு மட்டும் இருந்தால் அளவுகோல் பிறனுடையதாகவே இருக்கும். பின்னாளில் பள்ளி வேறு, தொழில் வேறு என்று ஆனபொழுது, எங்கள் அம்மைமார்களுக்குத் தொழில் மட்டும் வந்து சேர்ந்தது.

நம் கத்தோலிக்க வரலாற்றிலும் இதற்கு இணையான அத்தியாயம் ஒன்று உண்டு. முளகுமூட்டில் அனாதைப் பிள்ளைகளைப் பேணிவந்த விக்டர் அடிகளாரின் அழைப்பை ஏற்று, 1897 நவம்பரில் பெல்ஜிய நாட்டிலிருந்து மரி லூயிஸ் தெ மீஸ்தர் அன்னை அங்கே வந்தார். அவர் தொடங்கிய சபையே இன்று நாம் ஐ.சி.எம். சகோதரிகள் என்று அழைப்பது. கைவிடப்பட்ட பெண் பிள்ளைகளுக்குப் படிப்போடு லேஸ், பூத்தையல் வேலைகளையும் அவர்கள் கற்பித்தார்கள். லேஸ் என்றாலே பெல்ஜியத்தைச் சொல்லும் அளவுக்கு அத்தொழிலில் புகழ்பெற்ற நாடு அது. இப்படி, சீர்திருத்த சபையார் வழியாக ஒன்றும், நம் கன்னியர் வழியாக ஒன்றுமாக, முக்கால் நூற்றாண்டு இடைவெளியில் இரண்டு வாய்க்கால்கள் நம் நாட்டுக்குள் பாய்ந்தன. (போர்த்துக்கீசரும் தங்கள் பங்குக்கு ஒரு சொல்லைத் தந்தார்கள்: யாழ்ப்பாணத்தார் லேசை ‘ரேந்தை’ என்பது அவர்கள் மொழியிலிருந்து வந்ததே.) நம் சக்கரீஸ்துவில் கிடைத்த விளிம்பு எந்த வாய்க்காலின் நீர் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்து, உத்தரியம் அணிந்து, செபமாலை சொல்லிய நம் பாட்டிமார்கள், ‘பதிதர்’ பள்ளியில் படித்த அடுத்த தெருப் பெண்ணிடம் உட்கார்ந்து இந்தப் பின்னலைக் கற்றிருக்கலாம். நாம் ஒன்றிப்புக்கு ஏடு எழுதுமுன்பே திண்ணைகளில் அது நடந்திருக்கிறது.

1883-இல் கால்டுவெல் குடும்பம் இடையன்குடியை விட்டுத் தூத்துக்குடிக்கு இடம் மாறியது. 1891 ஆகஸ்டு மாதம் கோடைக்கானலில் கால்டுவெல் காலமானார். அவருடைய உடலை மலையிலிருந்து இறக்கி, தேரியைக் கடந்து கொண்டுவந்து, அவர் கட்டிய ஆலயத்திலேயே அடக்கம் செய்தனர். அம்மையார் மேலும் எட்டு ஆண்டுகள் கைம்பெண்ணாக வாழ்ந்து 1899-இல் இறைவனடி சேர்ந்தார். அப்பொழுது அவருக்கு வயது எழுபத்தேழு.

திருத்தூதர் பணிகளில் யோப்பா நகரத்துத் தபித்தாவைப் பற்றி வாசிக்கிறோம். அவள் இறந்தபொழுது பேதுருவைச் சுற்றி நின்ற கைம்பெண்கள் புகழுரை ஒன்றும் ஆற்றவில்லை. அவள் தங்களோடு இருந்தபொழுது செய்து கொடுத்த உடைகளை எடுத்துக் காட்டி அழுதார்கள். அந்தப் பகுதியை ஆண்டுதோறும் பாஸ்கா காலத்தில் பீடத்தில் நின்று வாசிக்கிறேன். சென்ற முறை வாசித்தபொழுது குரல் தழுதழுத்துவிட்டது; பலர் சளி என்று நினைத்திருப்பீர்கள்.

அதனால் மலர்க் குழுவினரின் இசைவோடு ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். விழா நாள் திருப்பலியில் அந்தப் பழைய லேசைப் புதுத்துணியில் தைத்துப் பீடத்தின்மேல் விரிப்போம். விழாவையொட்டிய மூன்று நாளும் பங்கு மண்டபத்தில் கைவேலைக் கண்காட்சி நடைபெறும். உங்கள் வீட்டுப் பரணில் திண்டோ, கட்டையோ, துளை குத்திய படத்தாளோ, பேறுகாலத் தொட்டிலுக்குப் பாட்டி பின்னிய விளிம்போ கிடந்தால் கொண்டு வாருங்கள். எலி கடித்திருந்தாலும் பரவாயில்லை. அதனோடு ஒரு சீட்டில், பின்னியவர் பெயர், பிறந்த ஊர், யாரிடம் கற்றார், ஒரு முழத்துக்கு என்ன கூலி வாங்கினார் என்று தெரிந்தவரை எழுதித் தாருங்கள். எழுத வராதவர்கள் வாயால் சொன்னால் இளம்பெண்கள் இயக்கத்தார் எழுதிக்கொள்வார்கள். அந்தச் சீட்டுகளையெல்லாம் ஒரே ஏடாகக் கட்டி, ஞானஸ்நானப் பதிவேட்டுக்குப் பக்கத்திலேயே வைக்கப்போகிறேன். நம் பங்கில் இன்றும் திண்டு வைத்திருக்கும் மூன்று பாட்டிமார்கள் மண்டபத்தில் அமர்ந்து பின்னிக் காட்ட ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்தில் போகும் பிள்ளைகள் கையைக் கழுவிக்கொண்டு போக வேண்டும்.

ஏட்டின் முதல் பக்கத்தில் என் அம்மையின் பெயரை எழுதிவிட்டேன்.